சத்தமும் வேண்டும், காதும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ராக் கச்சேரிகள் குறித்து இரண்டு கடிதங்கள் அடுத்தடுத்து வெளியாகியிருந்தன. முதல் கடிதம் ஒரு தந்தையுடையது. கச்சேரிக்குப் போய்வந்த தன் மகனுக்கு இரண்டு நாள் காது அடைத்துக் கிடந்தது, இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளையே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். அதன் கீழே ஓர் இளைஞர், சத்தம் குறைந்தால் அது ராக்கே இல்லை, பிடிக்காதவர்கள் வராமல் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். தந்தையின் கவலை எனக்குப் புரிகிறது. இளைஞரின் ஆசையும் புரிகிறது, அது என்னுடைய ஆசையும்தான். ஆனால் இயர்பிளக் என்ற, காதில் செருகிக்கொள்ளும் விரல் நுனியளவுப் பொருளை இருவருமே மறந்துவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் நாற்பது ஆண்டுகளாக ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவின் ரசிகை. எனக்கு 13 வயது இருக்கும்போது அண்ணனின் மேசையில் ஒரு கேசட் கிடந்தது. அதன் மேல் நீல மையில் ‘ஏசி/டிசி’ என்று எழுதியிருந்தது. அண்ணன் அப்போது எலக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்தான். பாடம் ஏதோ பதிவு செய்து வைத்திருக்கிறான் என்று நினைத்துத்தான் போட்டுப் பார்த்தேன். கனத்த மணி ஒன்று ஒலித்தது. அது அடங்கி முடிவதற்குள் இன்னொரு முறை. அப்புறம் அந்த மணிக்கு அடியிலிருந்து மெதுவாக ஒரு கிடார் எழுந்து வந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, திட்டாமல், “முதல்லேருந்து கேளு” என்று கேசட்டைத் திரும்பச் சுற்றிப் போட்டான்.

அந்த மணியின் கதையைப் பின்னால் தெரிந்துகொண்டேன். குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று இறந்துபோனார். குழுவை நடத்திய மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்கள் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். பிறகு இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த பிரையன் ஜான்சனைப் பாடகராகச் சேர்த்துக்கொண்டு, ஐந்தே மாதத்தில், ஜூலை 25 அன்று, ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். அட்டை முழுக்கக் கறுப்பு. இறந்தவருக்கான துக்கம் அது. அதன் முதல் பாட்டுக்காகத்தான் அந்த மணி. இங்கிலாந்தின் லஃப்பரோ ஊரில் உள்ள ஜான் டெய்லர் மணி வார்ப்பாலையில் ஒரு டன் எடையில் அதை வார்த்தார்கள். முதலில் அந்த ஊரின் மணிக்கூண்டில் இருந்த மணியைப் பதிவு செய்யப் போனார்களாம். அடிக்கும்போதெல்லாம் கூண்டில் இருந்த பறவைகள் சிறகடித்துப் பறந்ததால் பதிவு கெட்டுப்போனது. கடைசியில் வார்ப்பாலையிலேயே, புது மணியை வைத்துப் பதிவு செய்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்த மணியை நேரில் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் கூடிப்போனது.

அந்த ஏக்கம் தீர்வதற்குள் என் காது போய்விட்டது.

22 வயதில் வேறொரு குழுவின் கச்சேரிக்குப் போனேன். பெயர் வேண்டாம், குழுவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தோழிகளோடு முண்டியடித்து முன்னால் போய், மேடையின் வலப்பக்கம் அடுக்கியிருந்த ஸ்பீக்கர்களுக்குக் கை தொடும் தூரத்தில் நின்றேன். இரண்டரை மணி நேரம். வலது காது ஸ்பீக்கர் பக்கம். அங்கே நிற்காதே என்று எவரும் சொல்லவில்லை, ஒரு தடுப்புக் கயிறுகூட இல்லை. வெளியே வந்தபோது தோழிகள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது என்பதால் சிரித்துக்கொண்டே போனோம். மறுநாள் அவர்களுக்குச் சரியாகிவிட்டது. எனக்கு மூன்றாம் நாள் அடைப்பு விலகியது, ஆனால் அடைப்போடு வந்த ‘ஙீ’ என்ற ஒலி மட்டும் விலகவில்லை. அது இன்றுவரை இருக்கிறது. இதை எழுதும்போதும் கேட்கிறது. சில்வண்டு ஒன்றைக் காதுக்குள் வைத்துத் தைத்ததுபோல. பகலில் மறந்திருப்பேன். இரவு விளக்கை அணைத்ததும் அது தன் வேலையைத் தொடங்கிவிடும்.

நான் பள்ளி ஆசிரியை. 40 வயதைத் தாண்டியபோது பிள்ளைகள் சொல்வதைத் திரும்பச் சொல்லச் சொல்வது அதிகமானது. குறிப்பாகச் சின்னக் குரலில் பேசும் பெண் பிள்ளைகள். ‘பாட்டு’ என்று சொல்கிறார்களா, ‘காட்டு’ என்று சொல்கிறார்களா, ‘சாட்டு’ என்று சொல்கிறார்களா என்று உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உயிரெழுத்தின் ஓசை வந்துவிடும், அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் மெய்தான் வராது. கடைசி பெஞ்சில் ஒரு குழந்தை மூன்று முறை பதில் சொல்லியும் எனக்குக் கேட்காமல், நான்காம் முறை சொல்லாமலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன்.

ஒலி புகாத அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்தார்கள். வரைபடத்தில் வலது காதின் கோடு நேராகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சொலி அளவின் அருகே பள்ளத்தில் விழுந்திருந்தது. சத்தத்தால் கெட்ட காதுக்கு அந்தப் பள்ளம்தான் அடையாளம் என்றார் மருத்துவர். உள்காதில், நத்தை ஓடு போன்ற உறுப்புக்குள், மயிரிழை போன்ற உணர்செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது இருப்பது அவ்வளவுதான். மனிதருக்கு அவை இறந்தால் மறுபடி முளைப்பதில்லை. “கச்சேரிக்குப் போவீங்களா?” என்று கேட்டார். முதல் கேள்வியே அதுதான்.

2016-இல் ஒரு நாள் காலை, பிரையன் ஜான்சன் குழுவின் சுற்றுப்பயணத்தை விட்டு நிற்கிறார் என்ற செய்தியைப் படித்தேன். உடனே நிறுத்தாவிட்டால் செவித்திறனை முழுவதுமாக இழக்க நேரிடும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மீதமிருந்த கச்சேரிகளில் அவர் இடத்தில் கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் பாடகர் ஆக்சல் ரோஸ் பாடினார். வீட்டில் எவரும் இல்லாத நேரம், உட்கார்ந்து அழுதேன். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் என்பதற்காக மட்டும் இல்லை. அவருக்கு என்ன நடந்தது என்பது என் வலது காதுக்குத் தெரிந்திருந்தது.

அவர் பிறகு சொன்ன ஒரு விஷயம் என்னை இன்னும் உலுக்கியது. தன் காது கெட்டதற்குக் காரணமாக அவர் சொன்னது மேடையை இல்லை, கார் பந்தயத்தை. அவருக்குப் பந்தயக் கார் ஓட்டுவதில் பெரிய பிரியம். ஒரு முறை ஹெல்மெட்டுக்குள் இயர்பிளக் வைத்துக்கொள்ள மறந்து காரில் உட்கார்ந்துவிட்டார், அன்று செவிப்பறை கிழிந்தது என்றார். உலகத்திலேயே சத்தமான மேடைகளில் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டு நின்றவர், ஒரு சின்னப் பொருளை மறந்த ஒரு நாளைச் சொல்கிறார்!

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பாடகர்கள் மேடையில் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்கக் காதுக்குள் பொருத்திக்கொள்ளும் மானிட்டரை உருவாக்கிய ஸ்டீவன் ஆம்புரோஸ் என்பவர் பிரையனுக்காகச் சில ஆண்டுகள் உழைத்தார். முதலில் கார் பேட்டரி அளவுக்கு இருந்த கருவியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இதற்கிடையில் 2017 நவம்பர் 18 அன்று மால்கம் யங் மறதி நோயால் இறந்துபோனார். 2020-இல் பிரையன் குழுவோடு மீண்டும் ஓர் ஆல்பத்தில் பாடினார். 2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் இண்டியோவில் மேடையேறினார். 2024-இல் ஐரோப்பா முழுவதும் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள். எனக்கு அப்போது 54 வயது. அண்ணனுக்கு மூட்டு வலி, மணிக்கணக்கில் நிற்க முடியாது. “நீ போ. என் பொண்ணைக் கூட்டிட்டுப் போ” என்றான்.

அப்படித்தான் 2024 ஜூலை 7 அன்று, லண்டன் வெம்பிளி அரங்கில், 19 வயது அண்ணன் மகளோடு நான் உட்கார்ந்திருந்தேன். மேடைக்கு அருகில் நிற்கும் இடத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பக்கவாட்டில் உயரமான வரிசையில் இடம் எடுத்திருந்தேன். மேடை ஏறத்தாழ எண்பது மீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும் என்பதால், டிரம்மர் குச்சியை இறக்குவது கண்ணுக்கு முதலில் தெரிந்து, கால் நொடி கழித்துத்தான் அடி வந்து சேரும். இதை வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

தொடங்குவதற்கு முன் கைப்பையிலிருந்து இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வகை இயர்பிளக். சாதாரண ஸ்பாஞ்ச் பிளக் கீச்சொலியை அதிகமாகவும் அடியொலியைக் குறைவாகவும் அடைக்கும், அதனால் பாட்டு கம்பளிக்குள் சுற்றியதுபோல் கேட்கும். இந்த வகையில் உள்ளே ஒரு சிறு வடிகட்டி இருக்கிறது. எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் பதினைந்து, இருபது டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறைக்கும்.

“அத்தை, நாப்பது வருஷம் காத்திருந்து இவ்வளவு தூரம் வந்துட்டு காதை அடைச்சுக்கணுமா?” என்றாள்.

“நான் போட்டுக்கிறேன், நீயும் போட்டுக்கோ. பிடிக்கலைன்னா அப்புறம் பேசலாம்” என்றேன்.

எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் ஏழெட்டு வயதுச் சிறுவனோடு வந்திருந்தார். சிறுவன் தலையில் பெரிய நீல நிறக் காதுக் கவசம். அப்பா அதை இரண்டு முறை சரி செய்தார். அவர் காதில் ஒன்றும் இல்லை. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

வெளிச்சம் முழுதாய்ப் போவதற்குள் அவர்கள் மேடைக்கு வந்துவிட்டார்கள். ஆங்கஸ் யங் 69 வயதில் அதே பள்ளிச் சீருடையில், அரைக்கால் சட்டையில், ஒற்றைக் காலில் குதித்து வந்தார். பிரையனுக்கு அப்போது 76. தொப்பி, கறுப்புச் சட்டை. அவர் மைக்கை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாடிய முதல் வரியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. குரல் பழைய குரல் இல்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. உச்சத்துக்குப் போக வேண்டிய சில இடங்களில் எட்டவில்லை, அங்கே கூட்டம் பாடிவிட்டது. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன், முழுச் செவிடாகலாம் என்று சொல்லி நிறுத்தப்பட்டவர் அங்கே நின்று, கூட்டம் பாடுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது. எனக்கு அது போதும்.

பிறகு விளக்குகள் அணைந்தன, மேலிருந்து மணி இறங்கியது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் இரண்டு கைகளும் காதுக்குப் போய்விட்டன. நாற்பது வருடம். ஒரே ஒரு தடவை, வெறும் காதால், அந்த முதல் அடியை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டால் என்ன? விரல் இயர்பிளக்கின் முனையைத் தொட்டுவிட்டது. இடது காதுதான் எனக்கு இப்போது இருக்கும் காது. வகுப்பில் பிள்ளைகள் சொல்வதை நான் கேட்பது அந்தக் காதால்தான். கையை மடியில் வைத்துக்கொண்டேன். மணி ஒலித்தது. அது காதுக்கு வருவதற்கு முன் நெஞ்செலும்பில் வந்து மோதியதுபோல் இருந்தது, நாற்காலியின் கைப்பிடியிலும் அதிர்ந்தது. அவ்வளவு கனமான அடியொலியை இயர்பிளக் முழுதாகத் தடுத்துவிடாது, உடம்பும் அதை வாங்கிக்கொள்கிறது. நான் எதையும் இழக்கவில்லை. அண்ணனின் மேசை, நீல மை, எல்லாம் வந்தது.

மூன்றாம் பாட்டிலோ நான்காம் பாட்டிலோ அண்ணன் மகள் ஒரு பக்கத்து இயர்பிளக்கை எடுத்துப் பார்த்ததைக் கவனித்தேன். அரை நிமிடம் முகத்தைச் சுளித்தபடி இருந்துவிட்டுத் திரும்பவும் வைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கச்சேரி முடிந்து வெளியே நடக்கும்போது அவளாகவே சொன்னாள்: “எடுத்தா ரெண்டு கிடாரும் ஒண்ணாக் குழம்புது அத்தை. வச்சாத்தான் ஸ்டீவி வாசிக்கிறது தனியாக் கேட்குது.” மால்கமின் இடத்தில் இப்போது வாசிப்பவர் அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி யங். ஆங்கஸின் தனி வாசிப்புக்கு (அன்று அது கொஞ்சம் நீளம்தான்) எல்லோரும் கைதட்டுவார்கள். அடியில் அசையாமல் ஓடும் அந்த இரண்டாவது கிடார்தான் இந்தக் குழுவின் முதுகெலும்பு என்று அண்ணன் அந்தக் காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பான். அவன் மகள் அதைத் தானாகவே கேட்டுப் பிடித்துவிட்டாள். அவள் சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கிறது. ஒலி அளவுக்கு மீறும்போது காதே அதைத் திரித்துவிடுகிறது. குறைத்துக் கொடுத்தால் பிரித்துக் கேட்கிறது.

கடைசிப் பாட்டுக்கு வழக்கம்போல் பீரங்கிகள் வெடித்தன. அந்தச் சிறுவன் நாற்காலிமேல் நின்று குதித்தான்.

இனி அந்த இளைஞருக்கு. தம்பி, சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, உங்கள் காதுக்குள் போகும் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பலரும் ஏற்கும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். கச்சேரியில் முன்வரிசை அதையும் தாண்டுவது சாதாரணம். உங்கள் வயதில் எனக்கும் மறுநாள் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. 1976-இல் தி ஹூ குழுவின் கச்சேரியில் 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் பதிவாகி, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பிறகு காது கெடுவதை ஊக்குவிக்கக் கூடாது என்று கின்னஸே அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. அந்தக் குழுவின் கிடார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டுக்குக் காது இரைச்சல். மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிச்சுக்கும் இரைச்சல். கோல்ட்பிளே குழுவின் கிறிஸ் மார்ட்டினுக்கும் இரைச்சல், அவர் இப்போது காதுப் பாதுகாப்பு இல்லாமல் மேடையேறுவதில்லை. வாசிப்பவர்களே போட்டுக்கொள்ளும்போது கேட்பவர் போட்டுக்கொள்வதில் என்ன குறை?

தந்தைக்கும் ஒரு வார்த்தை. ஐயா, மகனுக்கு அடைப்போ இரைச்சலோ இன்னும் இருந்தால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று கேட்பது குறைந்தால் முதல் சில நாட்கள் முக்கியமானவை. நான் பதினெட்டு வருடம் கழித்துப் போனேன். அடுத்த கச்சேரிக்குப் போகாதே என்று சொல்லாதீர்கள், சொல்லாமல் போவான். ஒரு ஜோடி இயர்பிளக் வாங்கிக் கையில் கொடுங்கள். பஞ்சு வேண்டாம், பஞ்சு அடைத்தால் ஏதோ செய்ததாகத் தோன்றுமே தவிர, காப்பாற்றாது. ஸ்பாஞ்ச் வகையானால் நன்றாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் பயன் இல்லை.

நிகழ்ச்சி நடத்துபவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கச்சேரி அரங்குகளுக்கென்று ஒரு தரநிலை வெளியிட்டது. சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, கருவி வைத்து அளந்துகொண்டே இருக்க வேண்டும், வருபவர்களுக்குக் காதுப் பாதுகாப்புக் கிடைக்கச் செய்ய வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க ஓர் அமைதியான இடம் வேண்டும் என்கிறது. 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் செவித்திறன் இழக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்பதும் அவர்கள் கணக்குத்தான். நுழைவாயிலில் ஒரு கூடை இயர்பிளக், ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு தடுப்பு. என் 22 வயதில் இந்த இரண்டும் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழில் கச்சேரி அறிவிப்புகள் வருகின்றன. நாள், இடம், நேரம் போடுகிறீர்கள். அதன் கீழே “இயர்பிளக் எடுத்துச் செல்லுங்கள்” என்று ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா? இடம் அதிகம் பிடிக்காது.

கச்சேரி முடிந்த இரவு அறைக்கு வந்து விளக்கை அணைத்ததும் வழக்கம்போல் உற்றுக் கேட்டேன். வலது காதில் சில்வண்டு இருந்தது, முந்தின நாள் இருந்த அதே அளவில். இடது காதில் ஒன்றும் இல்லை. அண்ணன் போன் செய்தான். இடது காதில் வைத்துப் பேசினேன். “மணி எப்படி இருந்தது?” என்று கேட்டான், அவன் கேட்டது ஒவ்வோர் எழுத்தாக எனக்குக் கேட்டது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, பள்ளி ஆசிரியை